சுல்தான் வீட்டு மாப்பிள்ளைகள்: ஓட்டோமான் குடும்பத்தில் சந்தி சிரித்த கல்யாணங்கள்

1 | மதில்மேல்பூனை

ஒரு வாரமாக இங்கே சுலைமான் சீரியல் பேச்சுதான், பதினாறாம் நூற்றாண்டு ஓட்டோமான் (துருக்கிய) சுல்தானின் கதை. அந்தப்புரத்துக்கு அடிமையாக வந்து அவருக்கு மனைவியான ஹுர்ரம் நல்லவளா கெட்டவளா என்று பட்டிமன்றம் ஓடுகிறது. ஓடட்டும். அந்தக் குடும்பத்தில் என்னை விடாமல் பிடித்திருக்கும் கதை, அவர்களுக்கு முந்நூற்று ஐம்பது வருடம் கழித்து நடந்தது. அதைச் சொல்லி இழையைத் தொடங்குகிறேன். தப்பிருந்தால் திருத்துங்கள்.

இஸ்தான்புல், பாஸ்பரஸ் கரையில் ஒர்த்தாகொய். தண்ணீரைப் பார்த்தபடி அடுத்தடுத்து இரண்டு மாளிகைகள், நடுவே தோட்டத்து மதில். ஒரு வீட்டில் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் செல்ல மகள் நாயிமே சுல்தான். கணவர் கெமாலெத்தின் பாஷா. 1898இல் கல்யாணம். மாப்பிள்ளை லேசுப்பட்ட குடும்பம் இல்லை. 1877 போரில் ப்ளெவ்னாவை ரஷ்யப் படையிடம் மாதக்கணக்கில் விடாமல் காத்த காஸி ஒஸ்மான் பாஷாவின் மகன். அவருடைய அண்ணன் நூரெத்தின் ஏற்கெனவே சுல்தானின் இன்னொரு மகள் ஸெகியேவைக் கட்டியிருந்தார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் சுல்தானுக்கு மாப்பிள்ளை.

பக்கத்து வீட்டில் ஹத்திஜே சுல்தான். இவரும் சுல்தான் மகள்தான், ஆனால் பதவி பறிபோன சுல்தானின் மகள். அப்பா ஐந்தாம் முராத் 1876இல் ஆண்டது 93 நாள். மனநிலை சரியில்லை என்று இறக்கிவிட்டு, தம்பி அப்துல் ஹமீதை ஏற்றினார்கள். தம்பி செய்த முதல் காரியங்களில் ஒன்று, அண்ணனைக் குடும்பத்தோடு சிராகான் அரண்மனையில் அடைத்தது. ஆறு வயதில் உள்ளே போன ஹத்திஜே, 1901இல் வெளியே வரும்போது வயது 31. வெளியே வர இருந்த ஒரே வாசல் கல்யாணம். சித்தப்பா பார்த்த மாப்பிள்ளை அலி வாசிஃப் பாஷா. ஹத்திஜேக்கு அவரைக் கண்டாலே ஆகவில்லை.

அப்புறம் மதிலைத் தாண்டிக் கடிதங்கள் போக ஆரம்பித்தன. ஹத்திஜேக்கும், தங்கை புருஷன் கெமாலெத்தினுக்கும்.

1904இல் கடிதங்கள் சிக்கின. பேரரசு முழுக்க ஒற்றர்களை வைத்து, அவர்கள் எழுதி அனுப்பும் ‘ஜுர்னால்’களை நாள்தோறும் படித்த மனிதருக்கு, சொந்த மகள் வீட்டு மதிலில் நடந்தது கடைசியில்தான் தெரிந்தது. நாயிமேக்கு மணவிலக்கு. கெமாலெத்தினின் பட்டம், பதவி எல்லாவற்றையும் பிடுங்கி புர்சாவுக்கு விரட்டினார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 29இல் முராத் சிராகானிலேயே இறந்தார். மகளைப் பற்றிய சேதி கேட்டு நெஞ்சு வெடித்துச் செத்தார் என்று ஊர் பேசியது. அவருக்கு ரொம்ப நாளாகச் சர்க்கரை நோய் என்பதை ஊர் பேசவில்லை.

என் கட்சி இதுதான்: இந்தக் குடும்பத்து ஆண்கள் பெரும்பாலும் கல்யாணமே செய்துகொள்ளாமல் வாரிசு பெற்றார்கள். பெண்களுக்கோ கல்யாணத்தை விட்டால் வேறு வேலையே வைக்கவில்லை. மானம் போன கதைகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிறக்கின்றன. மறுப்பு இருந்தால் வாருங்கள்.

2 | சீரியல்அக்கா

பூனை தம்பி, அதென்ன கல்யாணமே செய்துகொள்ளாமல்? சுலைமான் ஹுர்ரமை நிக்காஹ் செய்ததாகத்தானே காட்டுகிறார்கள்? நான் அந்தக் காட்சியில் அழுதே விட்டேன். இப்போது வந்து அதெல்லாம் பொய் என்று சொல்லாதீர்கள்.

3 | நூலகப்புழு

அழுதது வீண் போகவில்லை அக்கா, நிக்காஹ் உண்மை. ஆனால் அது ஏன் அவ்வளவு பெரிய செய்தி என்பதில்தான் பூனை சொன்னதற்குப் பதில் இருக்கிறது.

ஆரம்பத்தில் இவர்கள் ஊரெல்லாம் பெண் எடுத்தவர்கள். இரண்டாம் தலைமுறை ஓர்ஹான் 1346இல் கட்டியது தியோடோராவை. பைசாந்திய அரியணைக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த கான்டகூசினோஸின் மகள். ஒரு கிறிஸ்தவப் பேரரசர் முஸ்லிம் பெய் (சிற்றரசர்) ஒருவருக்கு மாமனார் ஆனார். முதலாம் பாயெசித் செர்பிய இளவரசி ஒலிவேராவைக் கட்டினார். அவளுடைய அப்பா லாசர் கொசோவோ போரில் இவர்கள் படையை எதிர்த்து நின்று செத்தவர். அந்தப் போர் முடிந்த கையோடு சம்பந்தம்.

பேரரசு பெருத்ததும் இது நின்றுபோயிற்று. சம்பந்தி என்று ஒருவர் இருந்தால் அவருக்கு ஒரு சொல் உண்டு, ஒரு படை உண்டு, நாளைக்குப் பேரனுக்காகப் பரிந்துகொண்டு வருவார். அடிமைப்பெண்ணுக்கு அப்படி யாரும் கிடையாது. அதனால் அந்தப்புரத்து அடிமைப்பெண்கள் வழியாகவே வாரிசு. அதிலும் எழுதாத சட்டம் ஒன்று: ஒரு தாய்க்கு ஒரு மகன். மகன் பிறந்தால் அவள் சுல்தானின் படுக்கையிலிருந்து விலகி, மகனை வளர்த்து, அவன் மாகாணத்துக்குப் போகும்போது கூடவே போய்விட வேண்டும்.

ஹுர்ரம் விஷயத்தில் சுலைமான் இதையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உடைத்தார். ஒரு மகன் இல்லை, மெஹ்மத், செலிம், பாயெசித், ஜிஹாங்கீர் என்று வரிசையாக. பிறகு 1534 வாக்கில் நிக்காஹ். தாய் ஹஃப்ஸா கண்மூடியதும் அதே ஆண்டுதான். மகன் மாகாணத்துக்குப் போனபோது ஹுர்ரம் கூடப் போகவும் இல்லை. இஸ்தான்புல்காரர்களுக்கு இது சூனியம் என்றுதான் பட்டது. அப்படியே சொல்லவும் செய்தார்கள்.

4 | பைபாஸ்பாண்டி

புழு அண்ணே, நான் படித்தது வேற. 1402இல் அங்காரா போரில் தைமூர் பாயெசித்தைப் பிடித்து, அவர் மனைவி ஒலிவேராவை விருந்தில் அரை நிர்வாணமாக மது ஊற்ற வைத்தானாம். அந்த அவமானத்துக்குப் பிறகு எந்த சுல்தானும் நிக்காஹ் செய்யக்கூடாது என்று முடிவெடுத்தார்களாம். மனைவி இருந்தால்தானே மானம் போகும்! யூடியூப் வீடியோ எல்லாவற்றிலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

5 | நூலகப்புழு

பாண்டி, ஒலிவேரா பிடிபட்டது உண்மை. விருந்துக் கதை பிற்காலத்தில் சேர்ந்த மசாலா. அதைக் காரணமாகச் சொல்வது சுத்தமாக நிற்காது. அந்தப் போருக்குப் பிறகும் கல்யாணம் நடந்திருக்கிறதே. இரண்டாம் முராத் 1430களில் செர்பியாவின் மாரா பிராங்கோவிச்சைக் கட்டினார். அவர் மகன், கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்த அதே இரண்டாம் மெஹ்மத், துல்காதிர் என்ற சிற்றரசர் வீட்டு சித்தி ஹாத்தூனைக் கட்டினார். அவமானத்தில் விட்டிருந்தால் அன்றைக்கே அல்லவா விட்டிருக்க வேண்டும்?

சுலைமானுக்குப் பிறகும் ஒருவர் மீறிப் பார்த்தார். பதினேழு வயது இரண்டாம் ஒஸ்மான், 1622இல் ஷெய்குல் இஸ்லாம் எசாத் எஃபெந்தியின் மகளைக் கட்டினார். பெண் அடிமையும் இல்லை, அந்நியமும் இல்லை, நாட்டின் தலைமை முஃப்தி வீட்டுப் பெண். எல்லாரும் முகம் சுளித்தார்கள். அதே வருடம் ஜானிசாரிகள் (சுல்தானின் காலாட்படை) அவரை இறக்கி யெதிகுலே கோட்டையில் கொன்றார்கள். கல்யாணம் மட்டும் காரணம் இல்லை, ஆனால் குற்றப்பட்டியலில் அதுவும் இருந்தது.

6 | ரஹ்மத்_நாகூர்

ஹுர்ரம் பேச்சு வந்தால் மாப்பிள்ளை ருஸ்தம் பாஷாவை விட்டுவிட முடியாது. சீரியலில் அவரை வில்லனாகவே வைத்திருக்கிறார்கள், பரவாயில்லை, அந்தக் காலத்து ஜனங்களும் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

சுலைமான் – ஹுர்ரமின் ஒரே மகள் மிஹ்ரிமாவுக்கு ருஸ்தமைப் பேசினார்கள். வேண்டாதவர்கள் அவருக்குக் குஷ்டம் என்று புரளி கிளப்பினார்கள். மருத்துவரை அனுப்பிச் சோதித்தபோது சட்டையில் ஒரு பேன் அகப்பட்டதாம். குஷ்டரோகி மேல் பேன் தங்காது என்பது அன்றைய நம்பிக்கை. அவ்வளவுதான், மாப்பிள்ளை பாஸ்! 1539இல் கல்யாணம். அதிர்ஷ்டம் வந்துவிட்டால் ஒருவனுக்கு அவன் மேல் ஊரும் பேன்கூட உதவிக்கு வரும் என்று கவிதையே கட்டினார்கள். துருக்கியில் இன்றும் ‘அதிர்ஷ்டப் பேன்’ என்றால் இந்த மனிதர்தான்.

அடுத்தது சிரிக்கிற விஷயம் இல்லை. 1553இல் சுலைமான் தன் மூத்த மகன் முஸ்தஃபாவை, ஹுர்ரமுக்குப் பிறக்காத மகன், கொன்யா பக்கம் எரெய்லியில் தன் கூடாரத்துக்கு வரச்சொல்லி, கழுத்தை நெரித்துக் கொல்ல வைத்தார். ராணுவம் கொதித்தது. பழி முழுக்க ருஸ்தம் தலையில். யாரோ ஒரு கெட்டிக்காரர் இரண்டே சொல்லில் வருடத்தைக் குறித்து வைத்தார்: ‘மெக்ரி ருஸ்தம்’, ருஸ்தமின் சூழ்ச்சி. நம்மூரில் கடை போர்டில் 786 போடுகிறோம் இல்லையா, எழுத்துக்கு எழுத்து எண் வைக்கும் அதே அப்ஜத் கணக்குதான். கூட்டிப் பாருங்கள்: மீம் 40, காஃப் 20, ரே 200, ஆக மெக்ர் 260. ரே 200, சீன் 60, தே 400, மீம் 40. ஆக ருஸ்தம் 700. மொத்தம் 960. கொலை நடந்தது ஹிஜ்ரி 960.

ஆளைத் திட்டவும் செய்தாயிற்று, தேதியும் போட்டாயிற்று. என் வாப்பா சின்ன வயதில் இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தபோது இதற்குத்தான் உதவும் என்று நினைக்கவில்லை.

7 | சீரியல்அக்கா

ரஹ்மத் பாய், நான் இப்போதுதான் பேப்பரில் எழுதிக் கூட்டினேன். 960 சரியாக வருகிறது! உடம்பு சிலிர்த்துவிட்டது. அப்புறம் ருஸ்தமை என்ன செய்தார்கள்?

8 | ரஹ்மத்_நாகூர்

என்ன செய்வார்கள் அக்கா, வீட்டு மாப்பிள்ளை அல்லவா? ஜனங்களின் கோபம் அடங்க பெரிய வஸீர் (முதலமைச்சர்) பதவியை விட்டு எடுத்தார்கள். இரண்டு வருடத்தில் அவருக்குப் பதில் வந்த காரா அஹ்மத் பாஷாவைக் கொன்றுவிட்டு, 1555இல் மறுபடி ருஸ்தமையே பெரிய வஸீர் ஆக்கினார்கள். முஸ்தஃபாவுக்கு ஒப்பாரிக் கவிதை எழுதி ஊரெல்லாம் பாட வைத்த கவிஞர் தாஷ்லிஜாலி யஹ்யாவுக்குத்தான் வேலை போனது.

ஒன்று சேர்க்க மறந்தேன். ஹுர்ரமின் கடைசி மகன் ஜிஹாங்கீர், கூன் விழுந்த பையன், அண்ணன் செத்த சில வாரத்தில் அலெப்போவில் இறந்துபோனான். வேறு தாய் பெற்ற அண்ணன்தான். துக்கத்தில் என்றார்கள்.

9 | திண்ணைவாசி

எல்லாரும் ஹுர்ரமைச் சுற்றியே கும்மியடிக்கிறீர்கள். பூனை சொன்ன ‘பெண்களுக்குக் கல்யாணத்தை விட்டால் வேலை இல்லை’ என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சுல்தான் மகளைக் கட்டியவன் கதையை நினைத்துப் பாருங்கள். அவனுக்கு ‘தாமாத்’ என்று பட்டம். ஏற்கெனவே மனைவி இருந்தால் விலக்கிவிட்டு வரவேண்டும். வேறு பெண்ணைக் கண்ணெடுத்துப் பார்க்கக்கூடாது. கூப்பிட்டால்தான் மனைவி அறைக்குள் போகலாம். அவளுக்குப் பெயருக்குப் பின்னால் ‘சுல்தான்’ என்று வரும், இவன் அவளுக்கு முன்னால் கைகட்டி நிற்கவேண்டும். நம்மூர் வீட்டோடு மாப்பிள்ளைகூட ராஜா.

உதாரணம் தருகிறேன். சுலைமானின் தங்கை ஷா சுல்தான். கணவர் லுத்ஃபி பாஷா, அப்போது பெரிய வஸீர். விபசாரக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பெண்ணை உறுப்பைச் சிதைக்கும்படி தண்டித்தார். வீட்டுக்கு வந்ததும் ஷா சுல்தான் முகத்துக்கு நேரே கேட்டாள், இது என்ன நியாயம் என்று. இவர் இனியும் அப்படித்தான் செய்வேன் என்று சொல்லி, அவள் மேல் கையையும் ஓங்கிவிட்டார். அவ்வளவுதான், பணியாட்களே அவரைப் பிடித்துத் தள்ளினார்கள். தங்கை அண்ணனிடம் போனாள். மணவிலக்கு, 1541இல் பதவி நீக்கம், திமெதொகாவில் பண்ணை வீடு. பேரரசின் இரண்டாவது பெரிய மனிதர், பெண்டாட்டியை அடிக்கப் போய் ஒரே நாளில் வெறும் ஆள் ஆனார்.

இதில் சுவாரசியம், ஓய்வில் உட்கார்ந்து வஸீர்களுக்கு அறிவுரையாக ‘ஆசஃப்நாமே’ என்று ஒரு நூல் எழுதினார். அதில் பெண்களின் சூழ்ச்சி தாங்காமல் தானே ஒதுங்கிக்கொண்டதுபோல ஒரு வரி. மீசையில் மண் ஒட்டவில்லையாம்.

10 | மதில்மேல்பூனை

> நம்மூர் வீட்டோடு மாப்பிள்ளைகூட ராஜா.

சிரித்துவிட்டேன் திண்ணை. ஆனால் நீங்கள் சொன்னதிலேயே பதில் இருக்கிறது. “ஏற்கெனவே மனைவி இருந்தால் விலக்கிவிட்டு வரவேண்டும்” என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். அந்த மனைவி யார்?

இரண்டாம் செலிமின் மகள் இஸ்மிஹான். முதல் கணவர் சொகொல்லு மெஹ்மத் பாஷா 1579இல் கத்திக்குத்துப்பட்டு இறந்தார். இரண்டாவதாகப் பார்த்தது புதா கோட்டையின் ஆளுநர் கலாய்லிகோஸ் அலி பாஷா. அவருக்கு ஏற்கெனவே குடும்பம். அரண்மனையிலிருந்து ஆணை போனது, மனைவியை விலக்கினார். அந்தப் பெண் அழுது வெளியேறியதைப் பார்த்து புதா ஊரே கலங்கியதாக அந்தக் காலத்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இஸ்மிஹான் மறு வருடமே பிரசவத்தில் இறந்தார். விட்ட சாபம் என்று ஊர் சொல்லிற்று.

ஷா சுல்தானுக்கு அண்ணன் பக்கபலமாக நின்றான், சரி. அண்ணனோ அப்பாவோ நிற்காத பெண்களைப் பாருங்கள். முதலாம் அஹ்மத், கொஸெம் தம்பதியின் மகள் ஆயிஷே. சிறு பிள்ளையாக இருக்கும்போதே வஸீர் நசூஹ் பாஷாவுக்கு நிக்காஹ் முடித்தார்கள். 1614இல் மாமனாரே மருமகனைக் கொல்ல வைத்தார். பத்து வயதுகூட நிரம்பாத விதவை. அப்புறம் அடுத்தவர், அவருக்கு அடுத்தவர். தங்கை ஃபாத்மாவுக்கு ஆறேழு கணவர்கள். அம்மா கொஸெம், யார் தன் பக்கம் நிற்க வேண்டுமோ அவருக்கு ஒரு மகளைக் கட்டிக்கொடுப்பார். ஆள் செத்தாலோ தலை போனாலோ மகள் மறுபடி பந்தியில். இதைத்தான் நான் வேலை என்றேன்.

11 | தஞ்சைத்தமிழரசி

நான் இந்த இழையைச் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். ஃபாத்மா பெயர் வந்ததால் உள்ளே வருகிறேன்.

எவ்லியா செலெபி என்று ஊர் சுற்றி ஒருவர், பதினேழாம் நூற்றாண்டு, பத்துத் தொகுதிக்குப் பயணக் குறிப்பு எழுதியவர். அவருக்கு மெலெக் அஹ்மத் பாஷா தாய்வழிச் சொந்தம், படியளந்த முதலாளியும்கூட. அதனால் அந்த வீட்டு உள்விவகாரமெல்லாம் அவருக்கு அத்துப்படி. மெலெக் அஹ்மதுக்குக் கட்டிவைத்தது நான்காம் முராதின் மகள் கயா சுல்தானை. அவள் அப்போது சிறுமி, இவர் நடுவயது. பிரசவத்தில் இறப்பாய் என்று குறி சொன்னதால் அவள் ரொம்ப நாள் அவரை அண்டவிடவில்லை. பிறகு எப்படியோ இருவருக்கும் மனம் ஒட்டிப்போயிற்று. அவள் கண்ட கனவுகளை அவரிடம் சொல்வாளாம், அவர் பலன் சொல்லிவிட்டுத் தனியே போய் அழுவாராம். 1659இல் குறி சொன்னபடியே ஆயிற்று. குழந்தை பிறந்தது, நஞ்சுக்கொடி விழவில்லை. மருத்துவச்சிகள் படுத்திய பாட்டை எவ்லியா எழுதியிருப்பதை ஒரு பெண்ணாக என்னால் முழுதாக வாசிக்க முடியவில்லை.

சவப்பெட்டி மேல் விழுந்து அழுத மெலெக் அஹ்மதைப் பார்த்து, பெரிய வஸீர் கொப்ருலு மெஹ்மத், வெட்கமாக இல்லையா, உனக்கு வேறொரு சுல்தான் மகளைப் பார்த்துத் தருகிறேன் என்றாராம். சொன்னபடி பார்த்தும் விட்டார்கள். பூனை சொன்ன அதே ஃபாத்மா! இப்போது வயதானவர், பல கல்யாணம் கண்டவர். முதலிரவிலேயே தன் ஆட்களுக்கும் சமையலுக்கும் ஆகிற செலவுப் பட்டியலை எடுத்து வைத்ததாக எவ்லியா எழுதுகிறார். மெலெக் அஹ்மத் அந்த வருடமே, 1662இல், போய்ச் சேர்ந்தார்.

அந்த வீட்டில் ஒருவரையொருவர் நிஜமாக விரும்பிய ஜோடி என்று எனக்குத் தெரிவது இந்தக் கயாவும் கிழவரும்தான்.

12 | திண்ணைவாசி

தமிழரசி, இதைப் படித்த பிறகு எனக்கு வாதாட மனசு வரவில்லை. இருந்தாலும் செலவுப் பட்டியல் எடுத்த ஃபாத்மாவை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆறேழு தடவை விற்கப்பட்டவள் இந்த முறை விலையைத் தானே சொன்னாள்.

13 | நூலகப்புழு

ஃபாத்மா, ஆயிஷே பற்றி ஒரு துணுக்கு. அவர்களின் சொந்தத் தம்பி சுல்தான் இப்ராஹிம், தன் ஆசை நாயகிகளுக்கு அக்காக்களைப் பணிவிடை செய்ய வைத்தார். அவர்களுடைய நிலத்தையும் நகையையும் பிடுங்கி அந்தப் பெண்களுக்குக் கொடுத்தார். 1647இல் ஹுமாஷாவை ஊரறிய நிக்காஹ் செய்து, அவளுக்குக் கொடுத்த மாளிகையில் தரை விரிப்புக்கு சேபிள் ரோமத் தோலைக் கேட்டார். மறு வருடம் பதவி போயிற்று, உயிரும் போயிற்று. அதற்குச் சம்மதம் சொன்னவர்களில் பெற்ற தாய் கொஸெமும் உண்டு.

14 | (நீக்கப்பட்டது)

15 | நெறியாளர்

14ஆம் பதிவை எடுத்துவிட்டேன். அந்தப்புரம் என்றதும் மத வசவுக்கு வர வேண்டாம். நம் பக்கத்து ராஜாக்களின் அந்தப்புரக் கணக்கை யாரும் இங்கே கேட்கவில்லை. பூனை, ஹத்திஜே கதையைப் பாதியில் விட்டிருக்கிறீர்கள், முடியுங்கள்.

16 | பைபாஸ்பாண்டி

ஆமாம், ஹத்திஜே என்ன ஆனார்? இன்னொரு வீடியோவில் பார்த்தேன், அது காதலே இல்லை, அப்பாவைச் சிறைவைத்த சித்தப்பாவைப் பழிவாங்கத்தான் அவர் மகளின் புருஷனை வளைத்தார் என்றார்கள். கடிதம் சிக்கும்படி செய்ததே ஹத்திஜேதானாம். நாயிமேக்கு விஷம் வைக்கப் பார்த்தார்கள் என்றும் சொன்னார்கள்.

17 | மதில்மேல்பூனை

பாண்டி, உங்கள் யூடியூபைக் கொஞ்சம் அணைத்து வையுங்கள்.

உறுதியானது: கடிதங்கள் இருந்தன, சிக்கின, மணவிலக்கு ஆயிற்று, கெமாலெத்தின் புர்சாவுக்குப் போனார். பழிவாங்கல், விஷம் எல்லாம் இஸ்தான்புல்லின் வரவேற்பறைகளில் காபி குடித்துக்கொண்டு கட்டியது.

இப்படி யோசித்துப் பாருங்கள். பழிவாங்கல் என்று சொல்லும்போது கதை மறுபடி இரண்டு அண்ணன் தம்பிகளின் பதவிச் சண்டையாகிவிடுகிறது. 25 வருடம் ஒரு அரண்மனைக்குள் பியானோவும் புத்தகமுமாக அடைபட்டிருந்த பெண், பிடிக்காத கணவனோடு இருக்கும்போது, மதிலுக்கு அந்தப்புறம் நிற்கும் ஆண்பிள்ளையைப் பார்த்து ஆசைப்பட்டிருக்க முடியாதா? எனக்கு அதுதான் நம்பும்படி இருக்கிறது.

1908 புரட்சியில் அப்துல் ஹமீதின் பிடி தளர்ந்ததும் ஹத்திஜே முதல் வேலையாக வாசிஃப் பாஷாவை விலக்கினார். மறு வருடம் ரவூஃப் ஹைரி என்ற ராஜதந்திர அதிகாரியைத் தானே விரும்பிக் கட்டினார். அதுவும் 1918இல் முறிந்தது. ஒரு மகன், ஒரு மகள். மகள் பெயர் செல்மா.

1924 மார்ச் 3இல் அங்காரா நாடாளுமன்றம் கலீஃபா பதவியை ஒழித்து, குடும்பத்தையே நாட்டை விட்டு வெளியேற்றியது. ஆண்களுக்கு மணிக்கணக்கு, பெண்களுக்குச் சில நாள் அவகாசம். ஹத்திஜே இரண்டு பிள்ளைகளோடு பெய்ரூட் போனார். நகை ஒவ்வொன்றாகப் போயிற்று. 1938இல் அங்கேயே இறந்தார். நாயிமே? அவர் மறுமணம் செய்துகொண்டார், கடைசியில் அல்பேனியாவில் இறந்தார். அக்காளும் தங்கையும் யாருக்கும் எட்டாத இரண்டு ஊர்களில்.

பெண்கள் திரும்பி வர 1952இல்தான் அனுமதி. ஆண்களுக்கு 1974.

18 | தஞ்சைத்தமிழரசி

செல்மா நம் நாட்டுக்கு வாழ வந்தவர்! லக்னோவுக்கு அந்தப்பக்கம் கோட்வாரா என்ற சின்ன சமஸ்தானம். 1937இல் அந்த ராஜாவைக் கட்டி வந்தார். பெய்ரூட்டில் பிரெஞ்சு கான்வென்ட்டில் படித்த பெண், இங்கே பர்தாவுக்குள். கருவுற்றிருந்தபோது பாரிஸ் போனவர் திரும்பவே இல்லை. போர் நடந்துகொண்டிருந்த பாரிஸில் மகளைப் பெற்றார், குழந்தை கைப்பிள்ளையாக இருக்கும்போதே இறந்துபோனார். இந்தி இயக்குநர் முசாஃபர் அலி அதே ராஜாவின் இன்னொரு மனைவியின் மகன்.

19 | சார்மினார்சரவணன்

இந்தியா வந்தாயிற்றா, அப்படியானால் என் ஊருக்கும் வாருங்கள். பிழைப்புக்காக ஹைதராபாத் வந்து 19 வருடம் ஆகிறது.

நாடு கடத்தப்பட்ட கடைசி கலீஃபா இரண்டாம் அப்துல் மெஜீத் பிரான்ஸில் நீஸ் நகரில் கையில் காசில்லாமல் இருந்தார். நல்ல ஓவியர், பட்டம் போனாலும் தூரிகை போகவில்லை. எங்கள் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் மாதம் 300 பவுண்டு அனுப்பிவந்தார். அப்புறம் சம்பந்தம் பேசினார்கள். கிலாஃபத் இயக்கத்தின் மௌலானா ஷௌகத் அலி நடுவில் நின்றார். கலீஃபாவின் ஒரே மகள் துர்ருஷெஹ்வாரை மூத்த மகன் ஆஸம் ஜாவுக்கு. கேட்ட மஹர் (மாப்பிள்ளை வீடு பெண்ணுக்குத் தரும் தொகை) 50,000 பவுண்டாம். உலகத்திலேயே பெரிய பணக்காரர், ஆனால் கிழிந்த சட்டையைத் தைத்துப் போடுகிறவர் அல்லவா, அந்தத் தொகைக்குத் துணைக்கு இன்னொரு பெண்ணும் உண்டா என்று பேரம் பேசினதாக இங்கே பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எப்படியோ இரண்டாவது மகன் முஅஸ்ஸம் ஜாவுக்கு நிலோஃபர் முடிவானார். 1931 நவம்பர் 12, நீஸில் ஒரே நாளில் இரண்டு நிக்காஹ். ஒரு பெண்ணுக்கு வயது 17, இன்னொருவருக்கு 15. பம்பாய்க்கு வந்த கப்பல் பில்ஸ்னா. வட்டமேசை மாநாட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த காந்தியும் அதே கப்பலில்.

துர்ருஷெஹ்வார் கணவரைவிட நெடுநெடு உயரம். நிஜாமே விருந்தினர்களிடம் அதைச் சொல்லிச் சிரிப்பாராம். கணவர் குடியும் கடனுமாகப் போக, மகன்கள் இருவரையும் அவரே வளர்த்தார். கடைசியில் நிஜாம் மகனைத் தாண்டிப் பேரன் முக்கர்ரம் ஜாவை வாரிசாக்கினார், 1967இல் பட்டமும் பேரனுக்கே போனது. ஒரே ஆளின் தாய்வழித் தாத்தா கடைசி கலீஃபா, அப்பாவழித் தாத்தா கடைசி நிஜாம். அவர் 2023 ஜனவரியில் இறந்தது இஸ்தான்புல்லில், அடக்கம் ஆனது எங்கள் மக்கா மசூதியில். அன்றைக்கு நானும் கூட்டத்தில் நின்றேன்.

20 | நூலகப்புழு

சரவணன், நிலோஃபர் யார் மகள் என்று பூனைக்குச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

21 | சார்மினார்சரவணன்

அட ஆமாம்! நிலோஃபரின் தாய் பெயர் ஆதிலே சுல்தான், சிராகானில் அடைபட்டுக் கிடந்த ஐந்தாம் முராதின் மகன் வழிப் பேத்தி. அதாவது ஹத்திஜேயின் அண்ணன் மகள். ஆக நிலோஃபருக்கு ஹத்திஜே பாட்டி முறை.

நிலோஃபருக்குக் குழந்தை இல்லை. முஅஸ்ஸம் ஜா 1948இல் இன்னொரு பெண்ணைக் கட்டினார், 1952இல் இவர்கள் விலகினார்கள். நிலோஃபர் பாரிஸ் போய், பிற்பாடு ஒரு அமெரிக்கரைக் கட்டி, 1989இல் அங்கேயே இறந்தார். இங்கிருந்தபோது அவருடைய பணிப்பெண் ஒருத்தி பிரசவத்தில் இறந்துபோனாள், பக்கத்தில் தக்க வைத்தியம் இல்லாமல். இனி ஒருத்திக்கும் இப்படி ஆகக்கூடாது என்று நிலோஃபர் மாமனாரிடம் நின்று கேட்டதில் வந்ததுதான் ரெட் ஹில்ஸ் பக்கம் இருக்கும் நிலோஃபர் ஆஸ்பத்திரி. என் மகளுக்கு நிமோனியா வந்தபோது நாலு நாள் அங்கே தரையில் படுத்திருந்தேன். வாசலில் மாட்டியிருந்த பெயர் யாருடையது என்று அப்போது எனக்குத் தெரியாது.

22 | சீரியல்அக்கா

மூன்று நாளாக இதே வேலையாக இருக்கிறேன், வீட்டில் திட்டு விழுகிறது. ஒன்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன். அந்த கெமாலெத்தின்? ஹத்திஜே விடுதலையானதும் அவரையே ஏன் கட்டவில்லை?

23 | மதில்மேல்பூனை

அக்கா, 1908க்குப் பிறகு அவரும் புர்சாவிலிருந்து இஸ்தான்புல் திரும்பினார். ஹத்திஜே அவரை ஏற்கவில்லை என்பதோடு நின்றுவிடுகிறது. ஏன் என்று அவர் வாயால் சொன்னதாக எதையும் நான் பார்த்ததில்லை.

24 | தஞ்சைத்தமிழரசி

நாலு வருடம் ஆகிவிட்டதே. மதிலும் இல்லை.

25 | சார்மினார்சரவணன்

யாராவது ஹைதராபாத் வந்தால் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிப் பக்கத்தில் அந்தப் பேரிலேயே டீக்கடை உண்டு, கஃபே நிலோஃபர். ஒரு டீயும் ரெண்டு உஸ்மானியா பிஸ்கட்டும் என் கணக்கு. பிஸ்கட்டில் மாமனார் பேர், கடையில் மருமகள் பேர்.